வெள்ளைக்காரப் போதகர் சொல்லாத பெண்

எங்கள் சபைக்கு வெளிநாட்டுப் போதகர் வந்தால் மேடையில் அவர் பக்கத்தில் நிற்பவன் நான்தான். அவர் ஆங்கிலத்தில் ஒரு வரி சொல்லி நிறுத்துவார். அதை நான் தமிழில் சொல்லுவேன். அவர் கையை உயர்த்தினால் நானும் உயர்த்த வேண்டும். அவர் குரல் தழுதழுத்தால் என் குரலும் தழுதழுக்க வேண்டும். "நான் பருத்திக் காட்டில் வளர்ந்தவன்" என்று அவர் சொன்னால், சிங்கப்பூரில் கிளமெண்டி வட்டாரத்து அடுக்குமாடி வீட்டில் குடியிருக்கும் நானும் "நான் பருத்திக் காட்டில் வளர்ந்தவன்" என்றுதான் சொல்லுவேன். யாரும் சிரிக்க மாட்டார்கள். அது முறை.

எனக்குப் பெரிய படிப்பு கிடையாது. தொடக்கப்பள்ளி முடித்து, உயர்நிலையில் கொஞ்ச காலம் இருந்துவிட்டு, தஞ்சோங் பகார் துறைமுகத்தில் சரக்கு இறக்கும் வேலைக்குப் போய்விட்டேன். என் ஆங்கிலம் அங்கே வந்ததுதான். அதிலும் பாதி கப்பல்காரர்களிடம் பேசி வந்தது, பாதி கேசட்டில் வந்தது. அமெரிக்கக் கப்பலில் வந்த ஒரு மாலுமி, நானும் ஜெபிக்கிறவன் என்று தெரிந்ததும், சப்பாத்துப் பெட்டி நிறையக் கேசட்டுகளைக் கொடுத்துவிட்டுப் போனான். எல்லாம் அவன் ஊர் ரேடியோவில் போதகர்கள் பேசியது. வேலை முடிந்து வந்து, குளித்து, ஜெபம் செய்துவிட்டு அந்தக் கேசட்டைப் போட்டுக்கொண்டு உட்காருவேன். புரியாத இடத்தை ஓட்டி ஓட்டித் திரும்பக் கேட்பேன்.

அவர்கள் கர்த்தரைப் பற்றி மட்டும் பேசவில்லை. பள்ளிக்கூடத்தில் ஜெபம் சொல்லக்கூடாது என்று கோர்ட்டு சொல்லிவிட்டது, வயிற்றுப் பிள்ளையைக் கலைக்கலாம் என்று சொல்லிவிட்டது, அரசாங்கம் வீங்கிப்போய்விட்டது, உழைக்கிறவன் கட்டும் வரியில் உழைக்காதவன் சாப்பிடுகிறான், தாய்மார் வேலைக்குப் போவதால் குடும்பம் பாழாகிறது என்றெல்லாம் பேசுவார்கள். அது ஒரு கட்சி வளர்கிற சத்தம் என்று எனக்கு அப்போது தெரியாது. எல்லாமே வேதவாக்கு என்று நினைத்தேன். என் மனைவி ஜூரோங்கில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு கேசட்டைக் கேட்டு முடித்த கையோடு அவளை வேலையை விடச் சொன்னேன். விட்டாள்.

இதையெல்லாம் எதற்குச் சொல்கிறேன் என்றால், போன வருஷம் எங்கள் சபைக்கு வந்த அமெரிக்கப் போதகர் அந்தக் காலத்து மனிதர். எண்பதைத் தாண்டியவர். உயரமாக, கொஞ்சம் கூனலாக இருந்தார், காதில் கேட்கும் கருவி மாட்டியிருந்தார். வேறொரு நாட்டுக்குப் போகிற வழியில் சிங்கப்பூரில் தங்கினார். எங்கள் சபைப் போதகருக்கு அவரை எப்படியோ பழக்கம். ஞாயிற்றுக்கிழமை மாலைத் தமிழ் ஆராதனையில் பேச ஒத்துக்கொண்டார். என்ன தலைப்பு என்று கேட்டதற்கு, "எங்கள் ஊர்ச் சபைகள் எப்படி அரசியலுக்கு வந்தன என்ற என் சாட்சி" என்றாராம்.

எங்கள் போதகர் அதைக் கேட்டதும் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். இந்த ஊரில் மதத்தையும் அரசியலையும் ஒரே மேடையில் வைக்க மாட்டார்கள். "பிரதர், அவர் அமெரிக்காவைப் பத்தி என்ன வேணும்னாலும் பேசட்டும். நம்ம ஊர்ப் பக்கம் வந்தார்னா நீங்க அப்படியே வளைச்சி அந்தப் பக்கம் கொண்டுபோயிருங்க," என்று என்னிடம் சொன்னார். நான் தலையாட்டினேன். வளைக்கிறது எனக்குப் பழக்கம்தான். எனக்கு இந்த ஊழியத்தைக் கற்றுக்கொடுத்தவர், "அவங்க ஆப்பிள்னா நீ மாம்பழம்னு சொல்லு. அப்பத்தான் சனங்க வாயில ருசி தட்டும்," என்பார். உதாரணத்தை நம் மண்ணுக்கு மாற்றிச் சொல்வது ஒரு திறமை. அந்தத் திறமையில் எனக்குக் கொஞ்சம் பெருமை இருந்தது. கொஞ்சம் என்ன, நிறையவே இருந்தது.

எங்கள் சபை கூடுகிற கட்டடம் சிராங்கூன் ரோட்டிலிருந்து ஒரு சந்துக்குள் இருக்கிறது. அன்று வாசலில் நின்று வருகிறவர்களுக்கு ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டிருந்தபோது ஒரு பெண் தன் மகளோடு வந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கும். புருஷன் விட்டுவிட்டுப் போய்விட்டான். ஓரறை வாடகை வீட்டில் இருக்கிறாள். பகலில் சாப்பாட்டுக் கடைகளில் மேசை துடைக்கிறாள், அது போதாததற்கு அரசாங்க உதவித்தொகையும் வருகிறது. சபையில் எல்லோருக்கும் இது தெரியும். அவளே ஜெப விண்ணப்பத்தில் சொன்னதுதான். மகள் தொடக்கப்பள்ளியில் படிக்கிறது. அந்தப் பிள்ளைக்கு என்னைப் பிடிக்கும். மேடையில் நான் வெள்ளைக்காரர் மாதிரியே கைகாலை ஆட்டுவதை வீட்டில் செய்து காட்டுமாம்.

அன்றைக்கு அவள் கையில் ஒரு கைத்தொலைபேசி இருந்தது. நல்ல பெரிய போன். பளபளவென்று இருந்தது. நான் பார்த்தேன். பார்த்ததோடு விட்டிருக்கலாம். 'வாடகை வீட்டிலிருந்துகொண்டு இந்தப் போனா' என்று மனசு ஒரு சொல் சொன்னது. வாய் "ஸ்தோத்திரம் சிஸ்டர், உள்ள வாங்க" என்றது.

அமெரிக்கப் போதகர் நன்றாகத்தான் ஆரம்பித்தார். தன் அப்பா காலத்தில் அரசியல் சாக்கடை என்று சபைக்காரர்கள் ஒதுங்கியிருந்தார்கள் என்றார். பிறகு காலம் மாறியது. பிள்ளைகள் போதை மருந்துக்குப் போனார்கள். விலைவாசி ஏறியது. பள்ளியில் ஜெபம் நின்றது, கருக்கலைப்புச் சட்டமானது. "நாங்கள் பயந்துபோனோம். பயந்தவர்கள் ஒன்றுகூடினோம்," என்றார். ஆராதனை முடிந்ததும் சபை வாசலில் மேசை போட்டு, ஓட்டுப் போடப் பெயர் பதிந்துகொள்ளுங்கள் என்று ஆட்களைக் கூப்பிட்டார்களாம்.

இங்கே சபை முழித்தது. ஓட்டுப் போட ஒருவரைக் கெஞ்ச வேண்டுமா? இங்கே போடாவிட்டால் கேள்வி வருமே. "அங்க ஓட்டுப் போடுறது அவங்கவங்க இஷ்டம். நம்மள மாதிரி வரிசையில நிக்கணும்னு கட்டாயம் இல்ல," என்று நான் ஒரு வரி சேர்த்தேன். தலைகள் ஆடின.

காலையில் அப்பம் சாப்பிட்டுக்கொண்டே கூட்டம் போட்டதைச் சொன்னார். நான் அதை எங்கள் ஊர்ப் பரோட்டாவும் காப்பியுமாக்கி, பிராட்டாவும் கோப்பியும் என்றேன். வரி குறைய வேண்டும் என்ற வியாபாரிகளும், ரஷ்யாக்காரனுக்குப் பயந்தவர்களும், ஜெபத்தைத் திரும்பக் கேட்டவர்களும் அந்த மேசையில் உட்கார்ந்தார்களாம். "ஒருவரையொருவர் எங்களுக்கு அவ்வளவாகத் தெரியாது. ஆனால் எதிரி ஒருவனே என்று நினைத்தோம்," என்றார். கடிதம் கடிதமாக அனுப்பினார்களாம். ரேடியோவில் பேசினார்களாம். எனக்கு உடம்பு சிலிர்த்தது. என் கேசட்டுப் பெட்டிக்குள்ளிருந்து ஒரு மனிதர் எழுந்து வந்து என் பக்கத்தில் நிற்கிற மாதிரி இருந்தது.

"கடைசியில் ஒரு சினிமா நடிகரை அதிபராக்கினோம். உலகமே ஆச்சரியப்பட்டது," என்றார்.

நான் அதைத் தமிழில் சொல்லிவிட்டு, வாய் சும்மா இருக்காமல், "நடிகர் ஆட்சிக்கு வந்ததுக்கு நாம ஆச்சரியப்படுவோமா?" என்றேன். கூரை அதிர்ந்தது. பின்வரிசைப் பெரியவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்கள். போதகர் என்னைத் திரும்பிப் பார்த்துக் குழப்பமாகப் புன்னகைத்தார். அந்தப் பிள்ளை கைதட்டியது. சிரிப்பு என்பது மேடையில் நிற்கிறவனுக்கு ஒரு போதை. நான் வாழ்நாளில் ஒரு சொட்டுக் குடித்ததில்லை. அன்று எனக்கு ஏறிவிட்டது.

அரசாங்கம் சிறிதாக இருக்க வேண்டும் என்று அவர் சொன்னபோது ஒரு நொடி தடுமாறினேன். எதிரில் இருந்த அத்தனை பேரும் அரசாங்கம் கட்டிய வீட்டிலிருந்து, அரசாங்கம் போட்ட ரயிலில் வந்தவர்கள். முன்வரிசையில் எங்கள் போதகர் முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தார். "அந்த ஊர்ல அப்படி நினைச்சாங்க," என்று வளைத்துவிட்டேன்.

அப்புறம் அவர் சொன்னார்: "எங்களிடம் ஒரு கதை இருந்தது. ஒரு பெண்ணின் கதை."

சொன்னேன்.

"அவள் வேலைக்குப் போவதில்லை. அரசாங்கப் பணத்தில் வாழ்கிறாள். பெரிய காரில் போகிறாள்."

கார் என்றால் எங்கள் சனங்களுக்குப் பொருந்தாது. இந்த ஊரில் உழைக்கிறவனுக்கே கார் கிடையாது. மாம்பழம் தேடினேன். கையெட்டும் தூரத்தில் ஒன்று இருந்தது. "வேலைவெட்டி கிடையாது. ஓரறை வாடகை வீடு. மாசம் பொறந்தா உதவித்தொகை. ஆனா கையில பார்த்தீங்கன்னா..." என்று நிறுத்தி, உள்ளங்கையைக் கண்ணாடி மாதிரி பிடித்து, விரலால் மேலே தள்ளித் தள்ளிக் காட்டி, "நம்ம யார் கையிலயும் இல்லாத புது போனு!" என்றேன்.

சிரித்தார்கள். இந்தத் தடவை சிரிப்பு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. சில தலைகள் அந்தப் பெண் உட்கார்ந்திருந்த மூன்றாவது வரிசைப் பக்கம் லேசாகத் திரும்பி, சட்டென்று நேரானதைக் கண்டேன். அவளும் சிரித்த முகமாகத்தான் இருந்தாள். கை மட்டும் மடியிலிருந்த போனை எடுத்துப் பைக்குள் மெதுவாக வைத்தது. பக்கத்தில் அந்தப் பிள்ளை விழுந்து விழுந்து சிரித்தது. மாமா வேடிக்கை காட்டுகிறார் என்று நினைத்தது.

என் மனைவி அதே வரிசையில் இருந்தாள். அவள் சிரிக்கவில்லை.

போதகர் சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தார். பிறகு சொன்னார்: "ஆமாம். எங்கள் ஊரிலும் இப்படித்தான் சிரித்தார்கள்."

அந்தக் குரலிலேயே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். கதை திரும்பப்போகிறது என்று தெரியாமல் முன்னால் ஓடிவிட்டேன். வரி வரியாகச் சொல்கிறவனுக்கு அடுத்த வரி என்னவென்று தெரியாது. அதனால் அளவோடு நிற்க வேண்டும் என்பதையும் எனக்குக் கற்றுக்கொடுத்தவர் சொல்லியிருந்தார். நான் மாம்பழத்தை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

அவர் சொன்னது இது. "அந்தக் கதையை ஊர் ஊராகச் சொன்னேன். அந்தப் பெண்ணை நான் பார்த்ததே இல்லை. பெயர் சொல்ல மாட்டோம். சொல்லத் தேவையில்லை. 'பெரிய நகரத்துப் பெண்' என்றாலே எந்த நிறத்துக்காரியைச் சொல்கிறோம் என்று கேட்கிறவர்களுக்குத் தெரியும். ஒருநாள் ஆராதனை முடிந்ததும் ஒரு பெண் என்னிடம் வந்தாள். என் சபைக்காரி, என்னைப் போல வெள்ளை நிறத்துக்காரி. பழைய கோட்டுப் போட்டிருந்தாள். 'போதகரே, நீங்கள் சொன்னது என்னைத்தானா?' என்று கேட்டாள். அவளும் உதவிப்பணம் வாங்குகிறவள் என்று எனக்கு அதுவரை தெரியாது. ஜெபத்தைக் கேட்டதற்கு நான் வருந்தவில்லை. பிறக்காத பிள்ளைக்காகப் பேசியதற்கும் வருந்தவில்லை. ஆனால் அந்தக் கதைக்காக, கர்த்தருக்கு முன்னால், இன்றைக்கும் வெட்கப்படுகிறேன்."

இடையிடையே அவர் நிறுத்தத்தான் செய்தார். ஒவ்வொரு முறையும் என்னைப் பார்த்தார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அந்தக் கதையப் பல ஊர்ல சொன்னேன்" என்றேன். "ஒரு சிஸ்டர் வந்து பேசினாங்க" என்றேன். "கொஞ்சம் வருத்தமா இருந்துச்சு" என்றேன். அவ்வளவுதான். 'என்னைத்தானா' என்ற சொல்லை என்னால் வாயில் எடுக்க முடியவில்லை. எடுத்தால் மூன்றாவது வரிசையில் போய் விழும். அதனால் விழுங்கிவிட்டேன். அவர் பழி சொன்ன இடத்தில் நான் சொந்தச் சரக்கைச் சேர்த்தேன். அவர் மனம் கசந்த இடத்தில் அவர் சரக்கையும் சேர்த்து விழுங்கினேன்.

முடிந்ததும் கீழே டீயும் பீ ஹூன் சேமியாவும் வடையும் கொடுத்தார்கள். சபை மூப்பர் என் தோளைத் தட்டினார்.

"பிரதர், இன்னிக்குப் பின்னிட்டீங்க லா! வெள்ளைக்காரரே வாயப் பொளந்துட்டாரு."

"கர்த்தருக்கே மகிமை," என்றேன். எவ்வளவு சுலபமாக வருகிறது இந்தச் சொல்!

வெள்ளைக்காரப் போதகர் டீக் குவளையைப் பிடித்தபடி என்னிடம் வந்தார். மெதுவாகத்தான் கேட்டார். "கார் என்று சொன்னதும் எங்கள் ஊரில் சிரிப்பார்கள். இங்கே நீங்கள் கையை இப்படிக் காட்டியதும் சிரித்தார்கள். அது என்ன?" என்று உள்ளங்கையை என்னைப் போலவே பிடித்துக் காட்டினார். இத்தனை வருஷமாக நான் அவர்களைப் பார்த்துச் செய்வேன். முதல் தடவையாக ஒருவர் என்னைப் பார்த்துச் செய்தார். பார்க்கச் சகிக்கவில்லை.

"அதேதான் ஐயா. எங்கள் ஊர் உதாரணம்," என்றேன்.

"நல்லது," என்றார். நம்பிவிட்டார். மறுநாள் விமானம் ஏறிப் போய்விட்டார்.

ரயிலில் வீடு திரும்பினோம். கிளமெண்டியில் இறங்கி, மேம்பாலத்தில் நடக்கும்போது என் மனைவி நின்றாள்.

"அந்தப் போன் யாருதுன்னு தெரியுமா?"

"யாரு போனு?"

"நடிக்காதீங்க. மேடையில நடிச்சது போதும். நம்ம மக புதுசு வாங்கினப்ப பழச என்கிட்ட குடுத்தா. நாந்தான் துடைச்சி, உறை மாட்டி, அந்தப் புள்ளைக்கு ஸ்கூல் பாடம் பார்க்கட்டும்னு அவகிட்ட குடுத்தேன். புது போனாம்ல, புது போனு!"

நான் அவளை நினைத்துச் சொல்லவில்லை என்றேன். பொதுவாகச் சொன்னேன் என்றேன். என் மனைவி என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"உங்க கேசட்டு சொல்லிச்சின்னு வேலைய விட்டேன். அப்புறம் துறைமுகத்துல மெஷின் வந்து உங்கள வேணாம்னுட்டாங்க. அப்ப யாரு அரிசி கொண்டாந்து போட்டா? சபையிலேருந்து வந்துச்சி. கவர்மெண்டு ஆபீஸ்ல போயி நீங்களும் நானும் பெஞ்சில உக்காந்து எழுதிக் குடுத்தோமே, அது? அன்னிக்கு என் காதுல தோடு இருந்துச்சி. 'தோடு போட்டுக்கிட்டு உதவிக்கு வந்திருக்கா பாரு'ன்னு யாராச்சும் மைக்கில சொல்லியிருந்தா?"

சாமான் தூக்கிக்கொண்டு போனவர்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள். அவள் மறுபடி வேலைக்குப் போய்த்தான் எங்கள் பிள்ளைகள் படித்தார்கள். அதை நான் சாட்சி நேரத்தில் ஒருநாளும் சொன்னதில்லை. கர்த்தர் நடத்தினார் என்று மட்டும் சொல்லியிருக்கிறேன்.

அடுத்த ஞாயிறு மூன்றாவது வரிசையில் அந்த இடம் காலி. அதற்கடுத்த ஞாயிறும் காலி. அறுப்பின் பண்டிகை நெருங்கிக்கொண்டிருந்தது. பிள்ளைகள் வசனம் ஒப்புவிப்பதற்குப் பழகிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பிள்ளைக்குக் கொடுத்த வசனத்தை வேறு பிள்ளைக்கு மாற்றலாமா என்று ஞாயிறு பள்ளி டீச்சர் என் மனைவியிடம் கேட்டாராம். சபை என்றால் அந்தப் பெண்ணுக்கு வாரத்தில் ஒரு மாலை. அங்கேதான் பிள்ளைக்கு நாலு சிநேகிதம், அவளுக்கு இரண்டு ஆறுதல் வார்த்தை. அதை நான் ஒரு கைச்சாடையில் பிடுங்கிவிட்டேன்.

எங்கள் போதகரிடம் போய், மேடையில் மன்னிப்புக் கேட்க விடுங்கள் என்றேன். அவர் நல்லவர்தான். ஆனால் பயந்தவர்.

"பிரதர், விடுங்க. மறந்திருப்பாங்க. நீங்க எந்திரிச்சி மன்னிப்புக் கேட்டா, நினைக்காதவங்களும் அவங்களத்தான் நினைப்பாங்க. இன்னும் அசிங்கமாயிரும்."

அதுவும் உண்மையாகத்தான் பட்டது. சரி, நேரிலேயே போய்க் கேட்டுவிடலாம் என்று என் மனைவியைக் கூட்டிக்கொண்டு, அந்தப் பெண் மேசை துடைக்கிற தேக்கா மார்க்கெட்டுக்குப் போனேன். மதியக் கூட்டம் கலைந்திருந்தது. அவள் தட்டுகளை அடுக்கி வண்டியில் வைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் முகம் மாறவில்லை. மேசையை ஒரு துடை துடைத்து, "உக்காருங்க ஆன்ட்டி, உக்காருங்க அங்கிள். டீ சொல்லவா?" என்றாள்.

"டீயெல்லாம் வேணாம்மா. நான் அன்னிக்குப் பேசினது..."

"என்ன அங்கிள், உண்மையத்தானே சொன்னீங்க? வாடகை வீடு உண்மை, உதவித்தொகை உண்மை. வேலைவெட்டி இல்லன்னதுதான் கொஞ்சம் தப்பு." கையிலிருந்த துணியைத் தூக்கிக் காட்டினாள். "இது பொழுதுபோக்குக்கு லா."

என் மனைவி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். நான், "மன்னிச்சிரும்மா," என்றேன். கையெடுத்துக் கும்பிட்டேன். பக்கத்து மேசையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்தார்.

"கைய எறக்குங்க அங்கிள். இங்க எதுக்கு? இங்க யாரு என்னைப் பார்த்துச் சிரிச்சா?" அவள் குரல் உயரவில்லை. "எனக்குக் கோவமெல்லாம் இல்ல. அந்த வெள்ளக்காரர் சொன்னது எனக்கும் கொஞ்சம் புரிஞ்சிச்சி. அந்தக் கோட்டுப் போட்ட பொம்பள கேட்டது. நீங்க சொல்லல. சொல்லிருந்தீங்கன்னா நான் அங்கயே உக்காந்திருப்பேன்."

அவள் அடுத்த மேசைக்குப் போய்விட்டாள். நாங்கள் சொல்லாத டீ இரண்டு குவளை வந்தது. அவள்தான் சொல்லியிருந்தாள். குடிக்காமல் எழுந்தால் அதுவும் அவமானம். சூடு ஆறும்வரை உட்கார்ந்து குடித்துவிட்டு வந்தேன். அதைவிடக் கசப்பான டீயை நான் குடித்ததில்லை, சர்க்கரை போட்டுத்தான் இருந்தது.

மறுவாரம் சாட்சி நேரத்தில் எழுந்தேன். எங்கள் போதகரிடம் கேட்கவில்லை. சாட்சி சொல்ல யாருக்கும் அனுமதி தேவையில்லை. மேடைக்கு ஏறாமல் கீழே நின்றுகொண்டே சொன்னேன்.

"அன்னிக்கு வந்த அமெரிக்க ஐயா பேசினதுல நான் கொஞ்சத்த விட்டுட்டேன். ஊழியம் பாதியில நிக்குது. இன்னிக்கு முடிச்சிர்றேன். போன் பத்திச் சொன்னது அவர் இல்ல. அது நான் சேர்த்தது. அதுக்கு அவர் பொறுப்பில்ல. அவர் சொன்னது இதுதான்."

பிறகு அவர் சொன்னதை வரி வரியாகச் சொன்னேன். ஊர் ஊராகச் சொன்னது. பார்த்ததே இல்லை என்றது. பெயர் சொல்லத் தேவைப்படவில்லை என்றது. பழைய கோட்டு. "நீங்கள் சொன்னது என்னைத்தானா?" என்ற இடம் வந்ததும் குரல் உடைந்தது. மேடையில் எத்தனையோ பேருக்காக என் குரல் தழுதழுத்திருக்கிறது. அதெல்லாம் கடன் வாங்கின தழுதழுப்பு. இது அப்படி இல்லை. "அந்தக் கதைக்காகக் கர்த்தருக்கு முன்னால் வெட்கப்படுகிறேன்" என்று முடித்தேன். அது அவர் சொன்னதா நான் சொன்னதா என்று யாரும் கேட்கவில்லை.

யாரும் ஆமென் சொல்லவில்லை. உட்கார்ந்ததும் பக்கத்திலிருந்த மூப்பர் என் காதில், "இப்ப எதுக்கு பிரதர் இதெல்லாம்? நல்லாத்தானே போய்க்கிட்டிருந்துச்சி," என்றார். மூன்றாவது வரிசை அன்றும் காலியாகத்தான் இருந்தது. அவள் காதில் விழ வேண்டியதை அவள் இல்லாத இடத்தில் சொன்னேன். ஆனால் சிரித்தவர்கள் அத்தனை பேரும் இருந்தார்கள். அவள் கேட்டதும் அதுதான்.

நான் மேடை ஊழியத்தை விட்டுவிட்டேன். இப்போது ஒரு இளைஞர் செய்கிறார். என்னைவிட நல்ல ஆங்கிலம். உதாரணங்களை மாற்றுவதில்லை. ஆப்பிளை ஆப்பிள் என்றே சொல்லுகிறார். சனங்களுக்குக் கொஞ்சம் தூக்கம் வருகிறது. கேசட்டுப் பெட்டி இன்னும் அலமாரி மேல்தட்டில் இருக்கிறது. போட்டுக் கேட்க வீட்டில் கருவி இல்லை. தூக்கிப்போடவும் மனம் வரவில்லை. அந்தக் குரல்கள்தான் எனக்கு ஜெபிக்கவும் கற்றுக்கொடுத்தன. குடும்பம், உழைப்பு, பிள்ளைகளைப் பக்தியில் வளர்ப்பது எல்லாம் சரி என்றே இன்றைக்கும் நம்புகிறேன். ஆனால் அந்தச் சரியான சொற்களுக்கு நடுவில் ஒரு பெண்ணை வைத்துச் சிரித்தார்கள், அந்தச் சிரிப்பையும் சேர்த்துத்தான் நான் மனப்பாடம் பண்ணியிருக்கிறேன். அது நாற்பது வருஷம் என் வாயில் காத்துக்கொண்டிருந்திருக்கிறது.

அறுப்பின் பண்டிகை அன்று அவள் வந்தாள். யார் சொல்லிக் கேட்டாளோ, என் மனைவி சொல்லியிருப்பாள். மூன்றாவது வரிசைக்கு வரவில்லை. கதவோரக் கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். பையை மடியில் மூடி வைத்திருந்தாள். பிள்ளை மேடையேறி வசனத்தைத் தப்பில்லாமல் சொல்லிவிட்டு, ஓட்டமாகக் கீழே இறங்கியது. எல்லோரும் கைதட்டினார்கள். தாயும் கைதட்டினாள். அவள் போனை எடுத்துப் படம் பிடிப்பாள் என்று பார்த்தேன். மற்றத் தாய்மார் எல்லோரும் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அவள் எடுக்கவில்லை.

கீழே சாப்பாட்டு வரிசையில் அந்தப் பிள்ளை என்னைக் கண்டுபிடித்து ஓடிவந்தது.

"அங்கிள், ஏன் நீங்க இப்ப மேல நிக்கிறதில்ல? புது அங்கிள் ரொம்ப போரிங். நீங்கதான் ஃபன்னி. அந்த ஹேண்ட்போன் ஆன்ட்டி மாதிரி செஞ்சி காட்டுங்க!"

சொல்லிவிட்டு, அதுவே உள்ளங்கையைக் கண்ணாடி மாதிரி பிடித்து, விரலால் மேலே தள்ளித் தள்ளிக் காட்டிச் சிரித்தது. நான் செய்தது போலவே, அந்த நிறுத்தத்தோடு.

அதன் பின்னால் தாய் இரண்டு தட்டோடு நின்றுகொண்டிருந்தாள். எங்கள் மூன்று பேரைத் தவிர யாரும் பார்க்கவில்லை. குனிந்து பிள்ளையின் கையைப் பிடித்து, விரித்திருந்த உள்ளங்கையை மெதுவாக மூடினேன்.

"வா, கண்ணு," என்றாள் தாய். "சோறு ஆறுது."

என்னைத் தாண்டிப் போகும்போது ஒரு தட்டை என் கையில் வைத்துவிட்டுப் போனாள்.